பேட்டன்ட் வக்கீலைத் தேடும் முன்: திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்டை, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று நம் பக்கத்துப் பட்டறைகளிலும் கல்லூரிகளிலும் புதிதாக ஏதாவது செய்தவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான். நான் வக்கீல் இல்லை. விண்ணப்பம் போடுகிறவர்களுக்குக் காகிதங்களைப் படித்துச் சொல்லி, பேட்டன்ட் ஏஜென்ட்டிடம் (விண்ணப்பம் எழுதித் தாக்கல் செய்யப் பதிவு பெற்றவரிடம்) பேசும்போது கூட இருக்கிறவன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். இதில் வரும் அரசுக் கட்டணங்கள் தனிநபர் இணையம் வழியாக விண்ணப்பித்தால் கட்டுபவை. பணம் கட்டுமுன் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டன்ட்னா என்ன? அரசாங்கம் குடுக்க சர்ட்டிபிகேட்டா?

சான்றிதழ் கைக்கு வரும், ஆனால் விஷயம் அதில் இல்லை. உங்கள் கண்டுபிடிப்பை மற்றவர்கள் செய்யவோ, பயன்படுத்தவோ, விற்கவோ, இறக்குமதி செய்யவோ கூடாது என்று தடுக்கும் உரிமைதான் பேட்டன்ட், தமிழில் காப்புரிமை. விண்ணப்பித்த தேதியிலிருந்து 20 ஆண்டு. இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம்தான் இதற்கு அடிப்படை.

இந்த உரிமைக்குப் பதிலாக, அதை எப்படிச் செய்வது என்று நீங்கள் முழுதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அது வெளியிடப்படும், உலகத்தில் யாரும் படிக்கலாம். 20 ஆண்டு முடிந்ததும் யாரும் செய்துகொள்ளலாம். ரகசியமும் வேண்டும், பேட்டன்ட்டும் வேண்டும் என்றால் நடக்காது.

எங்க கடை அல்வாவுக்கும் கடைப் பேருக்கும் சேத்து பேட்டன்ட் போட முடியுமா அண்ணாச்சி?

கடைப் பெயருக்கு வேண்டியது டிரேட்மார்க். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் காலத்துக்கும் இருக்கும். பெட்டியின் உருவம், பொருளின் வெளித்தோற்றம் இவற்றுக்கு டிசைன் பதிவு. அது 10 ஆண்டு, பிறகு இன்னும் 5 ஆண்டு நீட்டலாம். ஊரோடு சேர்ந்த கைத்தொழிலுக்குப் புவிசார் குறியீடு. பத்தமடைப் பாய் அப்படிப் பதிவானது, அது தனி ஒருவருக்குச் சொந்தமாகாது.

அல்வாக் கிண்டும் பக்குவத்தை ரகசியமாக வைத்துக்கொள்வதே மேல், ஏனென்றால் மேலே சொன்னபடி பேட்டன்ட் போட்டால் அது வெளியே வந்துவிடும். அடிபிடிக்காமல் தானே கிண்டும் புதுவித எந்திரம் ஒன்றைச் செய்திருந்தால், அந்த எந்திரத்துக்குப் பேட்டன்ட் கேட்கலாம். சிலருக்கு உண்மையில் வேண்டியது டிரேட்மார்க் மட்டும்தான். அது தெரியாமல் பேட்டன்ட் வக்கீலைத் தேடி அலைவதைப் பார்க்கிறேன்.

நான் செஞ்சது சின்ன மாத்தம்தான். இதுக்கெல்லாம் கிடைக்குமா?

சின்ன மாற்றமா பெரிய மாற்றமா என்று யாரும் அளப்பதில்லை. பார்ப்பது மூன்று. உலகத்தில் எங்கும் இதற்கு முன் வெளிவராததாக இருக்க வேண்டும். அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்குச் சட்டென்று தோன்றிவிடாததாக இருக்க வேண்டும். தொழிலில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். பனை ஏறும் கருவியில் ஒரே ஒரு பூட்டை மாற்றியிருந்தாலும், அந்த மாற்றத்தால் இதுவரை தீராத சிக்கல் தீர்ந்தது என்றால் தாராளமாகக் கேட்கலாம்.

எனக்கு வயசு 60. புதுசா நாத்து நடுத முறை ஒண்ணு வச்சிருக்கேன். இன்னொருத்தர் சித்த மருந்து வச்சிருக்காரு. பையன் ஒரு ஆப் செஞ்சிருக்கான். மூணும் போடலாமா?

எவற்றுக்குப் பேட்டன்ட் கிடையாது என்று சொல்லும் சட்டத்தின் 3-ம் பிரிவில் மூன்றுமே இடிக்கும். பயிர் செய்யும் முறைக்குப் பேட்டன்ட் கிடையாது. நாற்று நடும் கருவி செய்திருந்தால் அது வேறு. கணினி நிரலுக்கு, நிரல் என்ற அளவில் மட்டும் கிடையாது. அதனால் ஒரு தொழில்நுட்பப் பலன் விளைகிறதா என்பதை நல்ல ஏஜென்ட் எடை போட்டுச் சொல்வார்.

சித்த மருந்துதான் சிக்கலானது. பாரம்பரிய அறிவுக்கும், தெரிந்த பொருள்களை வெறுமனே கலந்ததற்கும் உரிமை கிடையாது. மஞ்சளுக்குக் காயம் ஆற்றும் குணம் உண்டு என்று 1995-ல் அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்துவிட்டார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய ஆதாரங்களைக் காட்டி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. அதற்குப் பிறகுதான் சித்தம், ஆயுர்வேதம், யுனானி நூல்களில் உள்ளவற்றைத் திரட்டிப் பாரம்பரிய அறிவு மின்நூலகம் உருவாக்கினார்கள். உங்கள் விண்ணப்பத்தைப் பரிசோதிப்பவர் அதில் தேடுவார். சேர்மானத்தால் தனித்தனிப் பொருளில் இல்லாத பலன் வருகிறது என்று சோதனை முடிவோடு காட்ட முடிந்தால் மட்டும் மேலே போங்கள். மூலிகை, விதை போன்றவற்றைப் பயன்படுத்தியிருந்தால் முதல் நாளே ஏஜென்ட்டிடம் சொல்லிவிடுங்கள். தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. அதன் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது.

வக்கீல் கட்டாயம் வேணுமா? நானே போட்டா ஏத்துக்க மாட்டாங்களா?

ஏற்றுக்கொள்வார்கள். சட்டம் தடுக்கவில்லை, அரசுக் கட்டணமும் அதேதான். ஆனால் விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும், தமிழில் கொடுக்க முடியாது. இது நம் பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கு முதல் தடை. இரண்டாவது தடை உரிமைக் கோரிக்கை, அதாவது உங்கள் உரிமை எதுவரை என்று வரையறுக்கும் பகுதி, எழுதுவது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் முக்கியமாக அந்த ஒரு வேலைக்குத்தான்.

படிவம் நிரப்புவது, பணம் கட்டுவது எல்லாம் யாரும் கற்றுக்கொள்ளலாம். கோரிக்கையை மட்டும் தானே எழுதிப் பார்க்காதீர்கள். விண்ணப்பத்தில் விட்டுப்போன விஷயத்தைப் பிறகு சேர்க்க முடியாது. திருத்தலாம், குறைக்கலாம், விளக்கலாம், அவ்வளவுதான்.

ஏஜென்ட்டுங்காங்க, அட்டர்னிங்காங்க, வக்கீலுங்காங்க. யாருகிட்ட போகணும்?

நம் சட்டத்தில் இருக்கும் பெயர் பேட்டன்ட் ஏஜென்ட். அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் படித்து, காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்வில் தேறிப் பதிவு செய்தவர். அந்த அலுவலகத்தில் பரிசோதகராகவோ கட்டுப்பாட்டாளராகவோ 10 ஆண்டு வேலை பார்த்தவருக்குத் தேர்வு வேண்டாம். ஏஜென்ட்டாகவும் இருந்து சட்டமும் படித்தவரை அட்டர்னி என்று சொல்வது வழக்கம். விண்ணப்பம் எழுத, அலுவலகத்தில் வாதாட ஏஜென்ட் போதும். வழக்கு என்று கோர்ட்டுக்குப் போனால் வக்கீல்தான் வேண்டும்.

பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 'ஐ.என்./பி.ஏ.' என்று தொடங்கும். பதிவான ஏஜென்ட்டுகளின் பட்டியல் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. பதிவில்லாமல் ஏஜென்ட் தொழில் செய்வது தண்டனைக்குரியது. எண் கேட்டதற்கு ஒருவர் கோபப்பட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

இன்னொன்று, அவர் எந்தத் துறை படித்தவர் என்றும் கேளுங்கள். மருந்து வேதியியலில் கைதேர்ந்தவர் உங்கள் பம்ப்செட் வால்வைப் பற்றி எழுதினால், எழுத்து அழகாக இருக்கும், வால்வு அதில் இருக்காது.

திருநெல்வேலியில ஆள் இல்லன்னா சென்னைக்கு அலையணுமா?

வேண்டாம். தமிழ்நாட்டு விண்ணப்பங்களைப் பார்ப்பது சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம். ஏஜென்ட்டுகள் எல்லாவற்றையும் இணையம் வழியாகத்தான் தாக்கல் செய்கிறார்கள், விசாரணையும் வீடியோவில் நடக்கிறது. அவர் சென்னையில் இருந்தாலும் கோயம்புத்தூரில் இருந்தாலும் வேலை நடக்கும்.

எந்திரமாக இருந்தால் மட்டும், அவர் ஒரு தடவையாவது நேரில் வந்து ஓடுவதைப் பார்ப்பது நல்லது. வர முடியாதென்றால் நீங்கள் கழற்றி மாட்டி, ஒவ்வொரு பாகத்தையும் கிட்டத்தில் வீடியோ எடுத்து அனுப்புங்கள். தமிழில் பேசக்கூடிய ஆளைப் பிடிப்பது, உள்ளூர் ஆளைப் பிடிப்பதைவிட முக்கியம்.

எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்லி, அவரே வேற யாருக்காவது குடுத்துட்டாருன்னா?

நியாயமான பயம். ஆனால் அதற்காகப் பாதியை மறைத்துச் சொல்லாதீர்கள். மறைத்த பாதிக்கு உரிமை கிடைக்காது. வக்கீலுக்குக் கட்சிக்காரர் ரகசியத்தைக் காக்கும் கடமை சட்டத்திலேயே உண்டு. வக்கீலாக இல்லாத ஏஜென்ட் என்றால் ஒரு பக்க ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பேசுங்கள். முறையான ஆட்கள் இதற்குத் தயங்குவதில்லை. உங்கள் போட்டியாளருக்கும் அவர்தான் வேலை பார்க்கிறாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

என் கவலை வேறு. ஏஜென்ட் திருடியதாக நான் கேள்விப்பட்டது குறைவு. டீக்கடையிலும் கண்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் கண்டுபிடித்தவரே சொல்லிக் கெடுத்தது நிறைய.

யூடியூப்ல வீடியோ போட்டுட்டேன். நாலு பேருக்கு வித்தும் இருக்கேன். இப்போ போடலாமா?

பெரும்பாலும் கை நழுவிவிட்டது என்றுதான் அர்த்தம். விண்ணப்பத் தேதிக்கு முன் வெளியே வந்தது எதுவானாலும், வெளியிட்டது நீங்களே என்றாலும், அது 'முன்பே தெரிந்தது' ஆகிவிடும். சில விலக்குகள் இருக்கின்றன. மத்திய அரசு அறிவித்த கண்காட்சியில் காட்டியது, அறிவியல் சங்கக் கூட்டத்தில் கட்டுரையாகப் படித்தது, வெளியில் வைத்துத்தான் சோதிக்க முடியும் என்பதால் நியாயமான அளவு பொது இடத்தில் ஓட்டிப் பார்த்தது ஆகியவற்றுக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. கல்லூரிப் புராஜெக்ட் எக்ஸ்போவும் ஊர்த் திருவிழாக் கண்காட்சியும் தானாக அதில் சேராது.

வீடியோவில் வெளியே தெரியாத பாகம் ஏதாவது இருக்கிறதா, அதற்குப் பிறகு மேம்படுத்தியது என்ன என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஏஜென்ட்டிடம் போங்கள். அந்தப் பகுதிக்கு வழி இருக்கலாம். வீடியோவை இப்போது அழித்துவிட்டு அவரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் ஆகக் கெட்ட முடிவு. பேட்டன்ட் கிடைத்த பிறகும் அதைக் காட்டி ரத்து செய்ய முடியும்.

லட்சக்கணக்குல ஆகும்னு சொல்லுதாங்களே, உண்மையா?

அரசுக்குக் கட்டுவது அவ்வளவு இல்லை. தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனை கோர 4,000 ரூபாய். ஆக 5,600. இது 30 பக்கம், 10 கோரிக்கை வரைக்கும். அதற்கு மேல் பக்கத்துக்கு 160, கோரிக்கைக்கு 320. உத்யம் பதிவுள்ள சிறுதொழிலுக்கும், ஸ்டார்ட்அப்புக்கும், கல்வி நிறுவனத்துக்கும் இதே சலுகைக் கட்டணம்தான். பெரிய கம்பெனி என்றால் 8,000 மற்றும் 20,000.

மிச்சம் ஏஜென்ட்டின் ஊதியம். அது ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாறும். தொகையைவிட, அதில் என்னென்ன அடக்கம் என்பதைக் கேளுங்கள். தேடல் அறிக்கை, விவரணம் (கண்டுபிடிப்பை முழுதாக விவரிக்கும் ஆவணம்) எழுதுவது, தாக்கல், பரிசோதகர் ஆட்சேபணைக்குப் பதில், விசாரணை என ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். குறைந்த விலை சொல்லித் தாக்கல் மட்டும் செய்துவிட்டு, ஆட்சேபணை வந்ததும் பெரிய தொகை கேட்பது நடக்கிற விஷயம். ஆட்சேபணை அநேகமாக எல்லா விண்ணப்பத்துக்கும் வரும், அதனால் அந்தச் செலவை முதலிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பணமே இல்லன்னா?

வழி இருக்கு. ஸ்டார்ட்அப்புகளுக்கான மத்திய அரசுத் திட்டம் ஒன்றில், பட்டியலில் உள்ள ஏஜென்ட்டின் ஊதியத்தை அரசே கொடுக்கிறது, அரசுக் கட்டணம் மட்டும் உங்களுடையது. ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் வட்டார மையம் திருநெல்வேலியில் உண்டு, அங்கே விசாரிக்கலாம். சென்னையில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தில் காப்புரிமைத் தகவல் மையம் இருக்கிறது. பள்ளி, கல்லூரி வாசல் ஏறாத விவசாயி, கொல்லர், தச்சர் செய்த கண்டுபிடிப்பு என்றால் தேசிய புத்தாக்க அறக்கட்டளைக்கு எழுதுங்கள். அப்படிப்பட்டவர்களுக்காகவே இருக்கும் அமைப்பு அது.

முதல் தடவை பாக்கப் போகும்போது என்ன கொண்டு போகணும்?

கையால் போட்ட படம் போதும், ஆனால் எல்லாப் பாகத்துக்கும் எண் போட்டிருக்க வேண்டும். இதற்கு முன் இந்த வேலையை எப்படிச் செய்தார்கள், அதில் என்ன குறை, உங்கள் மாற்றம் அதை எப்படித் தீர்க்கிறது என்று தமிழிலேயே இரண்டு பக்கம் எழுதுங்கள். சரிவராமல் கைவிட்ட மாதிரிகளையும் சொல்லுங்கள். அந்தக் கதையில்தான் 'சட்டென்று தோன்றாதது' என்பதற்கான ஆதாரம் இருக்கும்.

போகுமுன் நீங்களே ஒரு தேடல் போட்டுப் பாருங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ், இந்திய அலுவலகத்தின் இன்பாஸ் இரண்டும் இலவசம். வீட்டில் படிக்கும் பிள்ளையை உட்கார வைத்தால் ஒரு மாலையில் ஓரளவு தெரிந்துவிடும். கிட்டத்தட்ட அதே பொருள் கண்ணில் பட்டால் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்காமல் 'இதிலிருந்து உங்களுடையது எங்கே மாறுகிறது?' என்று கேட்கிற ஏஜென்ட் நல்ல ஏஜென்ட்.

கோரிக்கை கோரிக்கைங்கீங்களே, அதை நான் படிக்கணுமா? இங்கிலீஷ்ல இருக்கே.

படித்தே ஆக வேண்டும். பத்திரத்தில் நான்கு மால் (நான்கு பக்க எல்லை) எழுதுவது மாதிரிதான் இது. விவரணத்தில் பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும், கோரிக்கை என்ற பகுதியில் வளைத்த அளவுதான் உங்களுக்குச் சொந்தம்.

ஒரு பேச்சுக்கு, பத்தமடைப் பாய்க்குக் கோரை கீறும் கருவி ஒன்றை நீங்கள் செய்ததாக வைத்துக்கொள்வோம். தண்டு தடிமனாக வந்தாலும் மெலிதாக வந்தாலும் சீராகக் கீறும். அதை ஒருவர் இப்படி எழுதித் தருகிறார்: 'மரச் சட்டத்தில் பொருத்திய ஆறு அங்குல எஃகு உருளை, அதன்மேல் பன்னிரண்டு கத்திகள், ஒரு கைப்பிடி, ஒரு சுருள்வில், நான்கு ரப்பர் கால்கள் கொண்ட கருவி.' உங்கள் கருவியை அப்படியே பார்த்து எழுதியதால் சரியாகத்தான் தெரியும். ஆனால் ஒருவர் உரிமையை மீறினார் என்று நிலைநாட்ட, கோரிக்கையில் சொன்ன உறுப்புகள் எல்லாமே அவர் கருவியில் இருக்க வேண்டும். கைப்பிடியை எடுத்துவிட்டு மோட்டார் வைத்து, ரப்பர் காலைக் கழற்றி எறிந்தவன் தப்பித்துப் போய்விடுவான்.

தெரிந்தவர் எழுதினால் இப்படி வரும்: 'கோரைத் தண்டை அழுத்திச் செலுத்தும் பகுதி, அதற்கு எதிரே அமைந்த வெட்டும் விளிம்பு, தண்டின் பருமனுக்கு ஏற்ப இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தானே மாற்றும் மீள்விசை உறுப்பு.' மரம், எஃகு, கைப்பிடி, கத்தி எண்ணிக்கை எதுவும் இல்லை. உங்கள் மூளை வேலை செய்த இடம் மட்டும் இருக்கிறது. இதற்குக் கீழே, 'முதல் கோரிக்கையில் சொன்ன கருவி, அதில் அந்த உறுப்பு ஒரு சுருள்வில்' என்று படிப்படியாகக் குறுக்கி எழுதுவார். அகலமான முதல் கோரிக்கை பரிசோதனையில் விழுந்தாலும் கீழே உள்ளது நிற்கும்.

தாக்கல் செய்யுமுன் ஏஜென்ட்டைப் போனிலாவது உட்கார வைத்து, ஒவ்வொரு கோரிக்கையையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் 'இதில் ஏதாவது ஓர் உறுப்பு இல்லாமல் என்னால் இதே வேலையைச் செய்ய முடியுமா?' என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் அந்த உறுப்பு முதல் கோரிக்கையில் ஏன் இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். இதற்கு உங்களைவிடத் தகுதியான ஆள் கிடையாது, அதைச் செய்தவர் நீங்கள்தானே. எவ்வளவு அவசரம் என்றாலும் இந்த ஒரு படியை விடாதீர்கள்.

புரொவிஷனல்னு ஒண்ணு போட்டு வச்சா போதும்ங்காங்களே?

வேலை இன்னும் முடியவில்லை, ஆனால் தேதியைப் பிடித்து வைக்க வேண்டும் என்றால் தற்காலிக விவரணம் போடலாம். அதே 1,600 ரூபாய்தான். முழு விவரணத்தை 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. தற்காலிக விவரணத்தில் எழுதிய விஷயத்துக்குத்தான் அந்தப் பழைய தேதி. அரைப் பக்கம் எழுதிப் போட்டுவிட்டு, தைரியமாகக் கண்காட்சியில் முழு எந்திரத்தையும் காட்டினால், எழுதாத பாகத்துக்கு முன்பு சொன்ன யூடியூப் கதைதான்.

ஒருத்தர் 'நூறு சதம் வாங்கித் தாறேன், ஆறு மாசம்' னு சொல்லுதாரு. நம்பலாமா?

நம்ப வேண்டாம். கொடுப்பதும் மறுப்பதும் கட்டுப்பாட்டாளர் கையில். சாதாரணமாக விண்ணப்பம் 18 மாதம் கழித்து வெளியாகும். பரிசோதனை வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும், அதற்கு இப்போது 31 மாதம் வரைதான் காலம். கேட்காவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகிவிடும். ஆட்சேபணை அறிக்கை வந்தால் 6 மாதத்துக்குள் பதில், மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். மொத்தத்தில் சில ஆண்டுகள் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சட்டப்படி விரைவாக்கவும் வழி உண்டு. 2,500 ரூபாய் கட்டினால் முன்கூட்டியே வெளியிடுவார்கள். ஸ்டார்ட்அப், சிறுதொழில், விண்ணப்பதாரர்களில் ஒரு பெண்ணாவது உள்ள தனிநபர்கள் ஆகியோர் 8,000 ரூபாய் கட்டி விரைவுப் பரிசோதனை கேட்கலாம். அதிலும் வேகம்தான் கிடைக்கும், முடிவுக்கு உத்தரவாதம் கிடையாது.

எங்க காலேஜ்ல பேட்டன்ட் பப்ளிஷ் ஆயிட்டுன்னு பிளெக்ஸ் வச்சிருக்காங்க. அப்போ கிடைச்சாச்சா?

இல்லை. வெளியீடு என்பது எல்லா விண்ணப்பத்துக்கும் தானாக நடப்பது. பரிசோதனையே அதற்குப் பிறகுதான். 'விண்ணப்பித்துள்ளோம்' என்று சொல்லலாம், 'பேட்டன்ட் பெற்றது' என்று பொருளில் அச்சடித்து விற்கக் கூடாது. பொய்யாக அப்படிச் சொன்னால் 10 லட்சம் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மாணவர்கள் மேல் எனக்கு உண்மையான அக்கறை இருப்பதால் சொல்கிறேன்: வெளியானதோடு விட்டுவிட்டால் உங்கள் ரகசியமும் போயிற்று, உரிமையும் வரவில்லை.

புராஜெக்ட் நான் செஞ்சேன், காசு காலேஜ் குடுத்தது. யாரு பேர்ல போடணும்?

கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உண்மையில் கண்டுபிடித்தவர் பெயர் வர வேண்டும். பணம் கொடுத்ததால் மட்டும் யாரும் கண்டுபிடித்தவர் ஆகமாட்டார். உரிமையாளர் யார் என்பது வேறு கேள்வி. நீங்கள் எழுத்து மூலம் மாற்றிக் கொடுத்தால் கல்லூரியோ கம்பெனியோ விண்ணப்பதாரர் ஆகலாம். கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கையையும், வேலை பார்ப்பவர் என்றால் நியமன ஒப்பந்தத்தையும் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஏஜென்ட்டைக் கல்லூரி அமர்த்தியிருந்தால் அவர் கல்லூரிக்கு வேலை பார்ப்பவர் என்பதும் நினைவிருக்கட்டும்.

மச்சானும் நானும் பாதிப் பாதி. ரெண்டு பேரு பேர்லயும் போட்டா சண்டை வராதுல்லா?

எழுதிக்கொள்ளாவிட்டால் நிச்சயம் வரும். கூட்டு உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் மற்றவரிடம் கணக்குச் சொல்லாமலே தானே செய்து விற்கலாம். ஆனால் ஒருவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் மூன்றாம் ஆளுக்கு உரிமம் கொடுக்கவோ பங்கை விற்கவோ முடியாது. நீங்கள் பட்டறை வைத்திருக்கிறீர்கள், மச்சானிடம் பட்டறை இல்லை என்றால், பாதிப் பங்கு அவருக்குக் காகிதத்தில்தான். லாபம், உரிமம், செலவு மூன்றையும் ஏஜென்ட்டிடம் போகுமுன் ஒப்பந்தமாக எழுதிவிடுங்கள்.

ஏஜென்ட் போனே எடுக்க மாட்டேங்காரு. என்ன செய்ய?

விண்ணப்ப எண் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் இணையதளத்தில் நிலையை நீங்களே பார்க்கலாம், ஆட்சேபணை அறிக்கை உட்பட எல்லாக் காகிதமும் அங்கே வரும். அலுவலகக் கடிதங்கள் ஏஜென்ட் முகவரிக்கே போகும் என்பதால் இது முக்கியம். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர் ஒருவர், கிடைக்கும் என்று காத்துக்கொண்டே இருந்தார். நான் எண்ணைப் போட்டுப் பார்த்தபோது 'கைவிடப்பட்டது' என்று நின்றது. ஆட்சேபணை வந்தது அவருக்குச் சொல்லப்படவே இல்லை, பதில் சொல்லும் காலமும் போய்விட்டது. நல்ல கருவி அது.

ஆளை மாற்றலாம், தடையில்லை. புது அதிகாரப் பத்திரம், அதாவது படிவம் 26 கொடுத்தால் போதும். பழைய ஏஜென்ட்டிடமிருந்து தாக்கல் ரசீது, விவரணத்தின் பிரதி, கடிதங்கள் எல்லாவற்றையும் வாங்குங்கள். இணையதளத்தின் பயனர் கணக்கு அவருடையது என்பதால், தொடக்கத்திலேயே ஒவ்வொரு ரசீதையும் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லிப் பழக்குங்கள்.

கிடைச்சாச்சு. இனி ஒண்ணும் செய்ய வேண்டாம்லா?

ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். மூன்றாம் ஆண்டிலிருந்து தொடங்கும். தனிநபருக்கு 6-ம் ஆண்டு வரை 800, பத்து வரை 2,400, பதினைந்து வரை 4,800, இருபது வரை 8,000. கடைசிவரை வைத்திருந்தால் மொத்தம் 76,800 ரூபாய். கட்டாமல் விட்டால் உரிமை போய்விடும், அப்படிப் போன தேதியிலிருந்து 18 மாதத்துக்குள் காரணம் காட்டி மீட்கக் கேட்கலாம். மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை, அதைத் தொழிலில் பயன்படுத்துகிறீர்களா என்று படிவம் 27-ம் கொடுக்க வேண்டும். நினைவூட்டுவது ஏஜென்ட்டின் வேலையா உங்கள் வேலையா என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வருமானம் தராத பேட்டன்ட்டைக் கௌரவத்துக்காகச் சுமக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இப்பவே ஒருத்தன் காப்பியடிச்சு விக்கான். கேஸ் போடலாமா?

பேட்டன்ட் வழங்கப்படுமுன் வழக்குப் போட முடியாது. வழங்கிய பிறகு போட்டால், விண்ணப்பம் வெளியான தேதியிலிருந்து நஷ்டஈடு கேட்கலாம். அதனால்தான் இந்த மாதிரி நேரத்தில் முன்கூட்டி வெளியிடச் சொல்வார்கள். வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குக் குறையாத இடத்தில் நடக்கும். எதிராளி 'இந்தப் பேட்டன்ட்டே செல்லாது' என்று எதிர்வழக்குப் போட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். அப்போது மறுபடியும் எல்லோரும் எடுத்துப் படிப்பது அந்தக் கோரிக்கையைத்தான். காப்புரிமை அலுவலகம் வந்து யாரையும் பிடிக்காது, மீறலைக் கண்டுபிடிப்பதும் தொடர்வதும் உங்கள் செலவு.

துபாய்ல தம்பி இருக்கான். அங்கேயும் சேத்து ஒரே பேட்டன்ட்டா போட முடியுமா?

உலகம் முழுதுக்கும் ஒரே பேட்டன்ட் என்று எதுவும் கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள். இந்தியாவில் போட்ட தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் பிசிடி என்ற சர்வதேச விண்ணப்பம் போட்டால், எந்தெந்த நாடு என்று முடிவெடுக்க, முதல் தேதியிலிருந்து கணக்கிட்டுப் பல நாடுகளில் 30 மாதம் வரை அவகாசம் கிடைக்கும். ஐக்கிய அரபு அமீரகமும் சவுதியும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. பிறகு ஒவ்வொரு நாட்டிலும் தனி ஏஜென்ட், தனிக் கட்டணம். செலவு இப்போதுதான் உண்மையிலேயே லட்சங்களில் போகும்.

தம்பி அவசரப்பட்டு அங்கே முதலில் போட்டுவிட வேண்டாம். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் விண்ணப்பிக்க, இங்கே போட்டு ஆறு வாரம் ஆகியிருக்க வேண்டும், அல்லது படிவம் 25-ல் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். மீறினால் இந்திய விண்ணப்பம் போய்விடும், சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.